பிரிவும் வாய்ப்பும்: மாற்றுத்திறன் மாணவர்களின் பள்ளி விளையாட்டில் வகைப்படுத்தலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டில் போட்டியாளர்களைப் பிரிவுகளாக வகுக்கும் முறை, இங்கிலாந்தின் போர்க்கால மருத்துவமனை ஒன்றில் உருப்பெற்றுப் பாராலிம்பிக் இயக்கத்தின் வழியே உலகெங்கும் பரவியது. மாற்றுத்திறன் மாணவர்களின் பள்ளி விளையாட்டு உரிமையோ சட்டங்கள், நீதிமன்றங்கள் ஆகியவற்றின் வழியே வேறொரு தடத்தில் வளர்ந்தது. இவ்விரு தடங்களும் பள்ளித் திடலில் சந்தித்தபோது எழுந்த சிக்கலை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. வகைப்படுத்தல் என்பது ஒத்த நிலையிலுள்ள போட்டியாளர் பலர் இருப்பதை முன்நிபந்தனையாகக் கொண்டது. ஒரு பள்ளியில் அந்நிபந்தனை நிறைவேறுவது அரிது. ஆகவே உயர்நிலைப் போட்டிக்கென உருவான பிரிவுகளை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவருவது மாணவரைத் தனிமைப்படுத்தக்கூடும் என்பதும், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற மாற்று வழிகள் வரலாற்றிலேயே உள்ளன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறன் மாணவர், பள்ளி விளையாட்டு, வகைப்படுத்தல், பாராலிம்பிக், உள்ளடக்கிய கல்வி, விளையாட்டு உரிமை.

முன்னுரை

விளையாட்டு எதுவும் ஏதேனும் ஒரு வகைப்படுத்தலின்மீதே நிற்கிறது. குத்துச்சண்டையிலும் மற்போரிலும் எடை, பள்ளிப் போட்டிகளில் வயது, பெரும்பாலான போட்டிகளில் பால் எனப் பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்ட போட்டி போட்டியாகாது என்பதே இவற்றின் அடிப்படை. மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டிலும் இதே நோக்கம் செயற்படுகிறது. குறைபாட்டின் அளவு வெற்றியைத் தீர்மானிக்காமல், பயிற்சியும் திறமையும் தீர்மானிக்க வேண்டும் என்பதற்காகப் பிரிவுகள் தேவைப்பட்டன.

ஆனால் மாணவர் ஒருவருக்கு இதற்கு முந்தைய வினா ஒன்று உண்டு. யாரோடு போட்டியிடுவது என்பதற்கு முன், திடலுக்குள் இடம் உண்டா என்பதே அது. பிரிவு பற்றிய வரலாறும் வாய்ப்புப் பற்றிய வரலாறும் பெரும்பாலும் தனித்தனியே பேசப்பட்டு வந்துள்ளன. அவற்றை இணைத்துக் காணும்போதே பள்ளி விளையாட்டின் உண்மையான சிக்கல் புலப்படும். ‘வகுப்பு’ என்னும் சொல் பள்ளி வகுப்பையும் சுட்டுமாதலால், குழப்பம் தவிர்க்க இக்கட்டுரையில் விளையாட்டு வகைமையைக் குறிக்கப் ‘பிரிவு’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

1. மருத்துவமனையில் தோன்றிய பிரிவுகள்

மாற்றுத்திறனாளிகளின் பன்னாட்டுப் போட்டிகளுள் மூத்தது செவித்திறன் குறையுடையோருடையதாகும். 1924ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாரிசில் நடைபெற்ற அப்போட்டியில் ஒன்பது நாடுகள் பங்கேற்றன. இன்று டெஃப்லிம்பிக்ஸ் என வழங்கும் இவ்வியக்கம் பாராலிம்பிக்கிலிருந்து தனித்தே இயங்குகிறது. நன்கு கேட்கும் காதில் குறைந்தது 55 டெசிபெல் கேட்டல் இழப்பு என்னும் ஒற்றை எல்லையே இதன் தகுதி வரையறை. அந்த எல்லைக்குள் வருவோர் அனைவரும் ஒரே களத்தில் நிற்கின்றனர்.

பல பிரிவுகளாக வகுக்கும் முறை முதுகுத்தண்டுக் காயம் உற்றோரின் விளையாட்டிலிருந்து வந்தது. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்தில் தஞ்சமடைந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் முதுகுத்தண்டுக் காயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். விளையாட்டை அவர் மருத்துவத்தின் ஒரு கூறாகவே கொண்டார். 1948 ஜூலை 29 அன்று, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், காயமுற்ற முன்னாள் படைவீரர் 16 பேர் பங்கேற்ற வில்வித்தைப் போட்டியை மருத்துவமனை வளாகத்தில் நடத்தினார். 1952இல் நெதர்லாந்து வீரர்கள் வந்து சேர, அது பன்னாட்டுப் போட்டியாயிற்று. 1960இல் உரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் பங்கேற்ற போட்டியே முதல் பாராலிம்பிக் எனப் பின்னர் ஏற்கப்பட்டது.

இத்தோற்றம் வகைப்படுத்தலின் இயல்பையும் தீர்மானித்தது. போட்டியாளர் முதலில் நோயாளியாக இருந்தார். பிரிப்பவர் மருத்துவராக இருந்தார். முதுகுத்தண்டின் எந்த மட்டத்தில் காயம் நேர்ந்தது, அது முழுமையானதா, பகுதியளவினதா என்பனவே அளவுகோல்களாயின. 1976 டொராண்டோப் போட்டியில் பார்வைக் குறையுடையோரும் உறுப்பு இழந்தோரும், 1980 ஆர்னெம் போட்டியில் பெருமூளை வாதம் உடையோரும் சேர்க்கப்பட்டபோது, ஒவ்வொரு நோய்வகைக்கும் தனித்தனிப் பிரிவுத் தொகுதி உருவாயிற்று. நீச்சற்குளத்தில் ஏறக்குறைய ஒரே செயல்திறன் கொண்ட இருவர், காரணம் வேறு என்பதாலேயே வெவ்வேறு போட்டிகளில் நீந்த நேர்ந்தது. போட்டிகள் பெருகின, ஒவ்வொன்றிலும் பங்கேற்போர் எண்ணிக்கை குறைந்தது.

2. நோயிலிருந்து செயல்திறனுக்கு

இத்தேக்கத்தை உடைத்தது செயல்திறன்சார் வகைப்படுத்தலாகும். ‘உடலுக்கு என்ன நேர்ந்தது’ என்னும் வினாவின் இடத்தில் ‘இவ்விளையாட்டில் உடல் என்ன செய்கிறது’ என்னும் வினா வந்தது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஜெர்மானிய ஆய்வாளர் ஹோர்ஸ்ட் ஸ்ட்ரோகெண்டல் முன்வைத்த முறை இதற்கு வழிகாட்டியாக அமைந்தது. இவ்விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் உடலை இயக்கும் ஆற்றலுக்கேற்ப 1.0 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படுகிறது. களத்திலுள்ள ஐவரின் புள்ளிகள் சேர்ந்து 14ஐத் தாண்டலாகாது.

இதன் நுட்பம் கருதத்தக்கது. ஓட்டத்திலும் நீச்சலிலும் பிரிவு என்பது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கிறது. கூடைப்பந்திலோ அது வேறுபட்டவர்களை ஓர் அணிக்குள் கொண்டுவருகிறது. உயர்புள்ளி வீரர்களைக்கொண்டே அணி அமைக்க இயலாது. குறைந்த புள்ளி உடையவர் அணிக்கு இன்றியமையாதவராகிறார். வகைப்படுத்தல் விலக்கும் கருவியாக மட்டுமன்றிச் சேர்க்கும் கருவியாகவும் இயங்கவல்லது என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

1989இல் டுசெல்டார்ஃப் நகரில் பன்னாட்டுப் பாராலிம்பிக் குழு நிறுவப்பட்டது. 1992 பார்சிலோனாப் போட்டியில் செயல்திறன்சார் முறை பரவலாக நடைமுறைக்கு வந்தது. நீச்சலில் உடலியக்கக் குறைபாடுகள் யாவும் எஸ்1 முதல் எஸ்10 வரையிலான ஒரே வரிசைக்குள் கொண்டுவரப்பட்டன. பார்வைக் குறையுடையோருக்கு எஸ்11 முதல் எஸ்13 வரையும், அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கு எஸ்14உம் இன்று வழக்கிலுள்ளன. தடகளத்தில் 11 முதல் 13 வரை பார்வை, 20 அறிவுத்திறன், 31 முதல் 38 வரை இயக்க ஒருங்கிணைவு, 40, 41 குள்ள உருவம், 42 முதல் 47 வரை கை கால் குறைபாடு, 51 முதல் 57 வரை அமர்ந்து போட்டியிடுவோர், 61 முதல் 64 வரை செயற்கைக் காலுடன் போட்டியிடுவோர் என எண்கள் அமைந்துள்ளன.

3. நம்பகத்தன்மை என்னும் சோதனை

பிரிவே வெற்றியைப் பெரிதும் பாதிக்கும் நிலையில், பிரிவில் பொய்மை நுழைவதும் இயல்பாயிற்று. 2000ஆம் ஆண்டு சிட்னியில் அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு அக்குறைபாடே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஆனால் அதனினும் பெரிய தண்டனை குற்றம் செய்யாதோர்மீது விழுந்தது. அறிவுத்திறன் குறைபாடு உடையோர் அனைவரும் பாராலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டு, 2012 இலண்டன் போட்டியில்தான் தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகிய மூன்றில் மட்டும் மீண்டும் இடம்பெற்றனர்.

இதன்பின் 2007இல் வகைப்படுத்தலுக்கென உலகளாவிய விதித்தொகுப்பு ஏற்கப்பட்டது. தகுதியுடைய குறைபாடு உள்ளதா, அது குறைந்தபட்ச அளவை எட்டுகிறதா, எப்பிரிவில் அடங்கும் என்னும் படிகள் வரையறுக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் சீன் ட்வீடியும் பெல்ஜியத்தின் ஈவ் வான்லாண்டவைக்கும் சான்றுசார் வகைப்படுத்தலின் கோட்பாட்டை வகுத்தனர். கடுமையாகப் பயிற்சி செய்து முன்னேறியவர் அம்முன்னேற்றத்தாலேயே கடினமான பிரிவுக்குத் தள்ளப்படலாகாது. குறைபாடே அளக்கப்பட வேண்டும், பயிற்சியன்று என்பது அதன் சாரம்.

இக்கோட்பாடு வளரும் பருவத்து மாணவரிடம் தனிக்கவனத்துடன் பயன்படுத்தப்பட வேண்டியதாகும். மாணவரின் உடல் வளர்கிறது. தசைச் சிதைவு போன்ற நிலைகளில் குறைபாடும் மாறுகிறது. ஆகவே இளம் போட்டியாளரின் பிரிவு பெரும்பாலும் மறு ஆய்வுக்கு உட்பட்டதாகவே பதிவு செய்யப்படுகிறது. பயிற்சி பெற்ற வகைப்படுத்துநர் குழு, மருத்துவ ஆவணம், களத்தில் நேரடி நோக்கல் எனச் செலவும் நிபுணத்துவமும் கோரும் இம்முறை, சாதாரணப் பள்ளியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

4. நீதிமன்றத்தின் வழியே பள்ளித் திடலுக்கு

பள்ளி விளையாட்டு உரிமையின் வரலாற்றை ஆவணங்களோடு தொடர்ந்து காண ஏற்ற களம் அமெரிக்காவாகும். 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, கூட்டரசின் நிதி பெறும் எந்நிறுவனமும் மாற்றுத்திறன் காரணமாக ஒருவரை விலக்கலாகாது என்றது. 1975இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் சிறப்புக் கல்வியின் வரையறைக்குள் உடற்கல்வியையும் சேர்த்தது. எனினும் பாடவேளையில் உடற்பயிற்சி பெறுவது வேறு. பள்ளிச் சீருடையணிந்து பிற பள்ளிகளோடு போட்டியிடுவது வேறு. பின்னது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே நீதிமன்றத்தில் கூர்மையாக எழுந்தது.

இரஷியாவில் முதுகெலும்புப் பிளவுடன் பிறந்து, மேரிலாந்தில் வளர்ப்புப் பெற்றோரால் வளர்க்கப்பட்ட தாத்யானா மக்ஃபாடன், 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் தம் பதினைந்தாம் வயதில் சக்கர நாற்காலி ஓட்டத்தில் வெள்ளியும் வெண்கலமும் வென்றார். ஆனால் உயர்நிலைப் பள்ளியின் தடகள அணியில் மற்ற மாணவியரோடு ஒரே நேரத்தில் ஓட அவருக்கு இடம் தரப்படவில்லை. மற்றவர் போட்டியை நிறுத்தி வைத்து, வெறுமையான ஓடுபாதையில் அவர் தனியே ஓட வைக்கப்பட்டார். 2006இல் ஹோவர்ட் கவுண்டி கல்வி நிர்வாகத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. இழப்பீடு எதுவும் கோரப்படவில்லை. உடன் ஓடும் உரிமை மட்டுமே கோரப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் நீதிபதி ஆந்த்ரே டேவிஸ் அவருக்குச் சார்பாக இடைக்கால ஆணை பிறப்பித்தார்.

இவ்வெற்றி பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. இதனைத் தொடர்ந்த இரண்டாம் வழக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் வகைப்படுத்தலின் வரலாற்றுக்கு அதுவே முதன்மையானது. மாநிலப் போட்டியில் சக்கர நாற்காலி ஓட்டத்தில் பெறும் புள்ளிகள் பள்ளியின் மொத்தப் புள்ளியில் சேர வேண்டும் என்று கோரப்பட்டபோது, 2007இல் அதே நீதிபதி இடைக்கால ஆணை வழங்க மறுத்தார். சக்கர நாற்காலி ஓட்ட வீரர்களைக் கொண்ட பள்ளிகள் மிகச் சிலவே என்பதால், அப்புள்ளிகள் பிற பள்ளிகளுக்குப் பாதகமாகும் என்பது எதிர்வாதமாக நின்றது. உடன் ஓடலாம், ஆனால் அவ்வோட்டம் அணிக்குக் கணக்கில் சேராது என்னும் நிலை உருவாயிற்று. உரிமை வாயிலைத் திறந்தது; எண்ணிக்கைக் குறைவு உள்ளே மதிப்பைத் தடுத்தது.

2008இல் மேரிலாந்து மாநிலம், மாற்றுத்திறன் மாணவரின் உடற்கல்வி, விளையாட்டு வாய்ப்புகளுக்கெனச் சட்டம் இயற்றியது. 2010இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அமைப்பு, பள்ளி விளையாட்டு அணிகளில் மாற்றுத்திறன் மாணவரின் பங்கேற்பு மற்றவரினும் குறைவாக உள்ளதை அறிக்கையிட்டது. 2013 ஜனவரியில் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் பள்ளிகளுக்கு வழிகாட்டும் மடல் ஒன்றை வெளியிட்டது. அதன் எடுத்துக்காட்டுகள் எளியவை: செவித்திறன் குறைந்த ஓட்டவீரருக்குத் துப்பாக்கி ஒலியோடு ஒளிக்குறியும் தருவது, ஒரு கை மட்டுமுள்ள நீச்சல் மாணவருக்கு இரு கைகளாலும் சுவரைத் தொட வேண்டும் என்னும் விதியைத் தளர்த்தலாமா என ஆராய்வது. இவற்றுள் எதற்கும் நுண்ணிய வகைப்படுத்தல் தேவையில்லை. மாணவருக்குத் தடையாக நிற்பது எவ்விதி என்று காணும் கண்ணே தேவை.

5. எண்ணிக்கைக் குறைவுக்குக் கண்ட வழிகள்

போட்டியாளர் குறைவு என்னும் சிக்கலுக்கு வரலாற்றில் நான்கு வகை விடைகள் காணக்கிடைக்கின்றன.

முதலாவது, பிரிவுகளைச் சுருக்கிப் பள்ளிகளை இணைத்தல். மின்னசோட்டா மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பு 1992இல் தகவமைக்கப்பட்ட விளையாட்டுகளைத் தன் அதிகாரப்பூர்வப் போட்டிகளாக ஏற்றது. உடற்குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு என இரண்டே பிரிவுகள் வகுக்கப்பட்டன. பல பள்ளிகளின் மாணவர் சேர்ந்து ஓரணியாக ஆட வழி செய்யப்பட்டது. துல்லியம் குறைந்தது; ஆனால் அணி கிடைத்தது.

இரண்டாவது, உடற்கூற்றுக்கு மாறாக ஆட்டத்திறனைக் கொண்டு குழுக்களை அமைத்தல். யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் முன்னின்று 1968 ஜூலையில் சிகாகோவில் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக்ஸ், வயது, பால், அண்மையில் காட்டிய திறன் ஆகியவற்றைக் கொண்டு நிகரானவர்களை ஒரு குழுவாக்குகிறது. உடற்கல்வி ஆசிரியர் ஒரு பிற்பகலில் செய்யக்கூடிய பணி இது. திறனை வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவதற்கு இடமுண்டு என்பது இதன் குறை.

மூன்றாவது, கலந்து ஆடுதல். சிறப்பு ஒலிம்பிக்ஸ் அமைப்பின் ஒருங்கிணைந்த விளையாட்டில் அறிவுத்திறன் குறைபாடு உடையவரும் இல்லாதவரும் ஓரணியில் ஆடுகின்றனர். முன்னர்க் கண்ட கூடைப்பந்துப் புள்ளிமுறையும் இவ்வகையின் நெருங்கிய உறவே.

நான்காவது, ஒரே ஓட்டத்தில் பல பிரிவுகள். ஆஸ்திரேலியாவில் பள்ளி நீச்சல், தடகளப் போட்டிகளில் வழங்கும் பல்பிரிவு முறையில், வெவ்வேறு பிரிவு மாணவர்கள் ஒன்றாகவே போட்டியிடுகின்றனர். ஒவ்வொருவரின் நேரமும் அவரவர் பிரிவுக்குரிய அளவீட்டு நேரத்தோடு ஒப்பிடப்பட்டுப் புள்ளியாகிறது. முதலில் சுவரைத் தொட்டவரே வென்றவர் என்பதில்லை. தம் பிரிவின் உச்சத்துக்கு மிக அருகில் சென்றவரே வென்றவர். பாராலிம்பிக்கில் இடமில்லாத செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கும் இம்முறையில் தனிப்பிரிவு எண் தரப்படுகிறது. மேரிலாந்தில் விடை காணாத வினாவுக்கு, அதாவது ஒரே ஒருவர் உள்ள பிரிவின் வெற்றியை எவ்வாறு மதிப்பது என்பதற்கு, இது ஒரு கணித விடை. அளவீட்டு நேரங்கள் எவ்வளவு நம்பத்தக்கனவோ அவ்வளவே இம்முறையும் நம்பத்தக்கது.

6. இந்தியச் சட்டமும் தமிழகச் சூழலும்

2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, பள்ளி அமைப்புக்குள் நிகழும் விளையாட்டுகளிலும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சமவாய்ப்பு வேண்டும் என்கிறது. இந்தியா 2007இல் இதற்கு ஏற்பளித்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, கல்வியோடு விளையாட்டு வாய்ப்பையும் மற்றவர்க்கு நிகராக வழங்கும் கடமையைக் கல்வி நிறுவனங்கள்மீது சுமத்துகிறது. 30ஆம் பிரிவு விளையாட்டுக்கெனவே அமைந்தது.

ஆனால் இச்சட்டத்தின் வகைப்பாடும் விளையாட்டின் வகைப்பாடும் வெவ்வேறானவை. சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, 40 விழுக்காட்டை அடையாள எல்லையாகக் கொள்கிறது. பாராலிம்பிக் பத்து வகைக் குறைபாடுகளையே தகுதியாக ஏற்கிறது. விழுக்காட்டை அது நோக்குவதில்லை. கற்றல் குறைபாடு உடைய மாணவருக்குச் சட்டத்தின் சான்றிதழ் உண்டு. அக்குறைபாடு ஒன்றால் பாராலிம்பிக் பிரிவு கிடைக்காது. மாறாக, கேட்டல் இழப்பு 55 டெசிபெல் உள்ளவர் டெஃப்லிம்பிக்ஸில் போட்டியிடலாம். சட்டத்தின் எல்லையோ 60 டெசிபெல்லில்தான் தொடங்குகிறது. உதவித்தொகைக்கென வழங்கப்படும் சான்றிதழைப் பள்ளி விளையாட்டின் நுழைவுச்சீட்டாகவும் கொண்டால், இருபுறத்தும் தகுதியுடையோர் விடுபடுவர்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் வாழ்க்கை இங்கு ஆய்வுக்குரியது. ஐந்தாம் வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்த அவர், உடற்கல்வி ஆசிரியரின் ஊக்கத்தால் உயரம் தாண்டுதலுக்கு வந்து, பள்ளிப் பருவத்தில் குறைபாடற்ற மாணவர்களோடு போட்டியிட்டார். அவரைக் களத்துக்குள் கொண்டுவந்தது பிரிவு அன்று, ஆசிரியரின் முடிவே. 2016 இரியோவில் டி42 பிரிவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். செயற்கைக் காலுடன் போட்டியிடுவோருக்குப் பின்னர்த் தனி எண்கள் வகுக்கப்பட்டு, டி42 வீரரும் டி63 போட்டியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர் டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிசில் வெண்கலமும் வென்றது அப்போட்டியில்தான். உலகின் உச்ச மேடையிலேயே பிரிவுகளை இணைத்துப் போட்டி நடத்த வேண்டியுள்ளது எனின், ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவில் அத்தேவை எத்துணை மிகுதி என்பது சொல்லாமலே விளங்கும்.

பாரிசில் தமிழகத்தின் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகியோரும் இறகுப்பந்தில் பதக்கம் வென்றனர். இவ்வெற்றிகள் உச்சியின் உயரத்தைக் காட்டுகின்றன. அடித்தளத்தின் அகலத்தைக் காட்டுவன அல்ல. தமிழ்நாட்டின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர் ஒரு பிரிவாகவும் மாற்றுத்திறனாளிகள் மற்றொரு பிரிவாகவும் இடம்பெறுகின்றனர். மாற்றுத்திறனாளிகளுக்கு இடமளித்தது குறிப்பிடத்தக்க முன்னேற்றமே. எனினும் பள்ளியிற் பயிலும் மாற்றுத்திறன் சிறுமி மாணவியாகத் தன் பள்ளிக்கு ஆடுகிறாளா, மாற்றுத்திறனாளியாகத் தனித்து ஆடுகிறாளா என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. மேரிலாந்தில் புள்ளிக்காக நடந்த வழக்கின் வினாவும் இதுவேயாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• வகைப்படுத்தல் மருத்துவமனையில் நோய்ப்பிரிவாகத் தொடங்கி, 1980கள் முதல் செயல்திறனையும், 2007க்குப் பின் சான்றையும் அடிப்படையாகக் கொள்ளலாயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமே நோக்கமாயினும், பங்கேற்பாளர் எண்ணிக்கையும் அம்மாற்றங்களை உந்தியது.

• நுண்ணிய பிரிவு போட்டிச் சமநிலையைக் கூட்டும், போட்டியாளரைக் குறைக்கும். தேசிய, பன்னாட்டு நிலையில் முதலாவது இன்றியமையாதது. பள்ளி நிலையில் இரண்டாவதே பேரிழப்பு.

• சட்டம் தரும் நுழைவுரிமை மட்டும் போதாது. மாணவரின் ஆட்டம் பள்ளியின் கணக்கில் சேரும் வழி காணப்படாதவரை, உடன் ஓடுபவரும் தனியே ஓடுபவராகவே இருப்பார்.

• அரசின் குறைபாட்டுச் சான்றிதழும் விளையாட்டுப் பிரிவும் வெவ்வேறு வினாக்களுக்கு உரிய விடைகள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பது தகுதியுடையோரை விலக்கும்.

• பள்ளி, வட்டார நிலைகளில் பரந்த பிரிவுகள், திறன்வழிக் குழுக்கள், கலப்பு அணிகள், பல்பிரிவுப் புள்ளிமுறை ஆகியவற்றை முதலில் கையாண்டு, மாநில நிலைக்கு உயரும் மாணவருக்கு மட்டும் முறையான வகைப்படுத்தலை மேற்கொள்வது வரலாற்று அனுபவத்தோடு இயைந்ததாகும்.

பிரிவு என்பது ஆடுவோரிடையே நியாயத்தை நிறுவப் பிறந்தது. ஆட வந்தவர்களுக்கே அது பயன்படும். அவர்களை ஆட வரச் செய்யும் பொறுப்பு, மருத்துவருக்கும் வகைப்படுத்துநருக்கும் முன்னதாகப் பள்ளியையே சார்ந்தது.